காருக்கு வாய் முளைத்த கதை

1943-ம் வருடம், ஜூலை 26-ம் தேதி. இரண்டாம் உலக யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து மக்கள் வேலைக்குப் போகலாம் என்று வீட்டை விட்டு வெளியே வந்தால் கண் எரிகிறது. தொண்டை கரகரக்கிறது. மூக்கில் நீர் வடிகிறது. மூன்று தெரு தள்ளி என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. நகரத்தின் மீது யாரோ அழுக்குப் போர்வையைப் போர்த்திவிட்ட மாதிரி ஒரு பழுப்புப் புகை.

பேர்ல் துறைமுகத்தில் அடி வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஜப்பான்காரன் விஷ வாயுவைப் போட்டுவிட்டான் என்றே பலரும் நினைத்தார்கள். ஜப்பான்காரன் பாவம், அவனுக்கு ஆயிரம் கவலை. இது உள்ளூர்ச் சரக்கு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஊருக்குள் செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையின் மீது பழி விழுந்தது. மூடு என்று கூச்சல் போட்டார்கள். தாற்காலிகமாக மூடவும் செய்தார்கள். புகை போனதா? ம்ஹும். மறுபடி மறுபடி வந்தது.

உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் ஹாலந்தில் பிறந்த ஒரு வேதியியல் பேராசிரியர். பெயர் ஆரி ஹாகன் ஸ்மிட். கால்டெக்கில் வேலை. அன்னாசிப் பழத்துக்கு அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மனிதர், 1940-களின் இறுதியில் அதே கருவிகளை ஊர்க் காற்றின் பக்கம் திருப்பினார். வாகனங்களும் பெட்ரோலிய ஆலைகளும் வெளியே விடுகிற எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வெந்து, ஓஸோனாகவும் மற்ற எரிச்சல் சரக்குகளாகவும் மாறுகின்றன என்று சொன்னார். பெட்ரோலியத் தொழிலின் பணத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் மறுத்துப் பார்த்தார்கள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. லாஸ் ஏஞ்சலீஸை மூச்சுத் திணறவைத்ததில் பெரும் பங்கு லாஸ் ஏஞ்சலீஸ்காரர்களின் சொந்தக் கார்களுக்கு. வீட்டு வாசலில் நிற்கிற, தவணை கட்டி வாங்கிய, ஞாயிற்றுக்கிழமை துடைத்துப் பளபளக்கவைக்கிற அதே கார்கள்.

சரி, இந்தப் புகைக்கும் இன்றைக்கு நமது கார் டேஷ்போர்டில் எரிந்து வயிற்றைக் கலக்குகிற அந்த மஞ்சள் விளக்குக்கும் என்ன சம்பந்தம்? மொத்தச் சம்பந்தமும் இருக்கிறது. அந்த விளக்கு கார்க்காரருக்காகப் பிறக்கவில்லை. காற்றுக்காகப் பிறந்தது.

1967-ல் கலிஃபோர்னியா மாநிலத்தில் காற்று வள வாரியம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். கவர்னர் ரொனால்டு ரீகன் கையெழுத்துப் போட்டார். வாரியத்தின் முதல் தலைவர், நமது அன்னாசிப் பழப் பேராசிரியர். 1970-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சுத்தக் காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. கார்ப் புகையில் கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும் ஐந்தே வருடத்தில் 90 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்று உத்தரவு. கார் கம்பெனிகள் முடியாது என்று அழுதன. அவகாசம் கேட்டன. கொஞ்சம் வாங்கவும் செய்தன. ஆனாலும் 1975 மாடல் கார்களில் பெரும்பாலானவற்றின் அடிவயிற்றில் ஒரு புதிய டப்பா வந்து உட்கார்ந்தது. கேட்டலிடிக் கன்வர்ட்டர். எஞ்சின் துப்புகிற விஷத்தை, உள்ளே இருக்கிற பிளாட்டினம் வகை உலோகப் பூச்சின் மீது ஓடவிட்டு, கார்பன் டை ஆக்ஸைடாகவும் தண்ணீராகவும் மாற்றுகிற டப்பா. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டால் டப்பா செத்துவிடும். எனவே ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது.

அடுத்த கட்டம் இன்னும் கஷ்டம். நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் சேர்த்து, மூன்று விஷத்தையும் ஒரே டப்பாவில் முறிக்க வேண்டுமென்றால் எஞ்சினுக்குள் போகிற கலவை கச்சிதமாக இருக்கவேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். இதில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஒரு விஷம் குறைந்து இன்னொரு விஷம் கூடும். வெயிலிலும் குளிரிலும் மேட்டிலும் பள்ளத்திலும் இந்த விகிதத்தைக் காப்பாற்றுவது, ஸ்க்ரூ திருகி ட்யூன் செய்கிற பழைய கார்புரேட்டரால் ஆகிற காரியமில்லை.

வழி கண்டுபிடித்தார்கள். புகை போகிற குழாயில் ஒரு ஆக்ஸிஜன் சென்சாரைச் சொருகினார்கள். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த சென்சார். புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறதா, இல்லையா என்று அது மோந்து பார்த்துச் சொல்லும். அதைக் கேட்டு ஒரு எலெக்ட்ரானிக் மூளை பெட்ரோலை நொடிக்கு நொடி கூட்டிக் குறைக்கும். 1977 மாடலாகக் கலிஃபோர்னியாவுக்கு வந்த வால்வோ கார் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது. 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் விற்ற தன்னுடைய பெட்ரோல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கம்ப்யூட்டரை வைத்துவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத லட்சக்கணக்கான பேர், தங்களுக்கே தெரியாமல் காரில் ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள்.

இங்கேதான் இரண்டு பேருக்குத் தலைவலி ஆரம்பித்தது.

முதல் ஆள், மெக்கானிக். அவர் அதுவரைக்கும் காதாலும் மூக்காலும் வைத்தியம் பார்த்தவர். எஞ்சின் திக்குகிறதா, புகை கறுப்பா, நீலமா, ஸ்பார்க் பிளக்கின் முனை என்ன நிறம் - இதை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். இப்போது டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு அலுமினியப் பெட்டி உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது என்ன நினைக்கிறது என்று எந்தக் காதுக்கும் கேட்காது.

இரண்டாவது ஆள், அரசாங்கம். பிரேக் போனால் ஓட்டுகிறவருக்குத் தெரியும். டயர் போனால் தெரியும். ஆக்ஸிஜன் சென்சார் போனால்? கார் பாட்டுக்கு ஓடும். மைலேஜ் கொஞ்சம் குறையலாம். புகை மட்டும் பல மடங்கு விஷமாகும். பல கோடி கார்களில் சென்சார்கள் சத்தம் போடாமல் செத்துக்கொண்டிருந்தால், இத்தனை வருடம் போராடிப் போட்ட சட்டத்துக்கு என்ன மரியாதை?

இரண்டு தலைவலிக்கும் ஒரே மருந்து. கார் தன் நோயைத் தானே சொல்லவேண்டும்.

தனக்கு நோய் என்று ஒரு பெட்டிக்கு எப்படித் தெரியும்? ரொம்ப எளிமையான தந்திரம். எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீரின் சூட்டை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது. குளிர்ந்தால் அதன் மின்தடை ஏறும். சூடானால் இறங்கும். இப்போது அந்த ஒயர் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த ஒயரின் தடை எல்லையில்லாதது. கம்ப்யூட்டரின் கணக்கில் அது பயங்கரக் குளிர் - மைனஸ் 40 டிகிரி. லாஸ் ஏஞ்சலீஸ் வெயிலில், பத்து நிமிடம் ஓடிய எஞ்சினுக்குள் மைனஸ் 40 டிகிரியா? ‘சான்ஸே இல்லை’ என்கிறது கம்ப்யூட்டர். நினைவில் 15 என்று ஒரு எண்ணைக் குறித்துக்கொள்கிறது. தோராயமாக ஒரு சூட்டை அதுவே வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டுகிறது. அதே ஒயர் அறுபடாமல், தோல் உரிந்து பாடியில் உரசினால் எல்லாம் தலைகீழ். தடை பூஜ்யத்துக்குப் போய், நம்ப முடியாத கொதிப்பு என்று கணக்கு வரும். அதற்கு எண் 14. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் கணக்கு இது.

ஆக, கண்டுபிடித்தாகிவிட்டது. அதைச் சொல்வது எப்படி? 1981-ல் சாதாரணக் காரில் திரை வைக்கிற வசதியெல்லாம் கிடையாது. பணக்காரர்களின் கேடிலாக்கில் மட்டும் ஒரு சொகுசு இருந்தது. ஏ.சி. பேனலில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால், டிகிரி காட்டுகிற இடத்தில் கோளாறு எண் வரும். மற்ற ஜனங்களுக்கு? டேஷ்போர்டில் ‘செக் எஞ்சின்’ என்று ஒரு குட்டி பல்பு இருந்தது. ஒரு பல்பால் என்ன பேச முடியும்? மின்னத்தான் முடியும். தந்தி ஆபீஸ்காரர்கள் கட்டு கடகட என்றே உலகம் பூரா பேசவில்லையா? அந்த மாதிரிதான்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, குனிந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், 12 ஓட்டைகள் கொண்ட ஒரு சாக்கெட். கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வருவதற்குமுன், அசெம்பிளி லைனில் அங்கிருக்கிற ஆட்கள் தங்கள் கருவியைச் சொருகிச் சோதிப்பதற்காக வைத்தது. அதன் மேல் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு முனைகள். ‘ஏ’ என்பது எர்த். ‘பி’ என்பது கம்ப்யூட்டரைக் கேள்வி கேட்கிற ஒயர். எஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, வளைத்து, இந்த இரண்டையும் இணைத்துவிட்டு, சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பவேண்டும். கருவி அவ்வளவுதான். ஆபீஸ் மேஜையில் இருக்கிற ஜெம் கிளிப்.

பல்பு மின்ன ஆரம்பிக்கும். ஒரு மின்னல். சின்ன இடைவெளி. அப்புறம் டக் டக் என்று இரண்டு மின்னல். ஒன்று, இரண்டு. அதாவது 12. இதையே மூன்று முறை சொல்லும். பிறகு நினைவில் வைத்திருக்கிற கோளாறுகளைச் சின்ன எண்ணிலிருந்து வரிசையாக, ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்லும். ஒரு மின்னல், இடைவெளி, ஐந்து மின்னல் என்றால் 15. நாலும் நாலும் என்றால் 44. எல்லாம் சொல்லி முடித்ததும் மறுபடி 12-லிருந்து ஆரம்பிக்கும். பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு எழுதிக்கொள்ளவேண்டியதுதான்.

முதலில் வருகிற அந்த 12 எதற்கு? ‘டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து சிக்னல் வரவில்லை’ என்று அர்த்தம். எஞ்சினை ஸ்டார்ட்டே செய்யவில்லையே, எப்படி வரும்? ஆகவே அது கோளாறு இல்லை. நான் விழித்திருக்கிறேன், கேட்கிறேன், சொல்கிறேன் என்று கம்ப்யூட்டர் தொண்டையைச் செருமிக்கொள்வது. 12 வராவிட்டால்தான் கவலைப்படவேண்டும். பல்பு ஃப்யூஸாகியிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது பெட்டியே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் இப்படி. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு ஒரு பாஷை.

கிரைஸ்லருக்கு ஜெம் கிளிப்பே வேண்டாம். ஐந்து விநாடிக்குள் சாவியை ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று திருப்பினால் போதும். பல்பு பேசும். கடைசியில் 55 என்று வந்தால் பேச்சு முடிந்தது, வணக்கம் என்று பொருள். ஃபோர்டு வேறு ரகம். முள் உள்ள வோல்ட் மீட்டரைச் சோதனை சாக்கெட்டில் மாட்டி, சோதனை ஒயரை இணைத்தால், முள் எழுந்து எழுந்து விழும். எத்தனை தடவை விழுகிறதென்று எண்ணவேண்டும். 11 என்றால் பரீட்சையில் பாஸ். இலக்கம் காட்டுகிற டிஜிட்டல் மீட்டரில் எண்ணினால் கண்ணைக் கட்டும். முள் உள்ள மலிவு மீட்டர்தான் தோது.

டொயோட்டாவில் எஞ்சின் பக்கத்துச் சின்னப் பெட்டியைத் திறந்து இரண்டு முனைகளை இணைக்கவேண்டும். நிற்காமல் ஒரே சீராக மின்னினால் உடம்பு சுகம். ஹோண்டாதான் உச்சம். டேஷ்போர்டு பல்பை நம்பாமல், கம்ப்யூட்டர் பெட்டியின் மீதே ஒரு சின்ன எல்.இ.டி.யை வைத்தார்கள். பெட்டி எங்கே? மாடலைப் பொறுத்து ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலோ, முன்சீட்டுப் பயணியின் காலடிக் கம்பளத்துக்கு அடியிலோ. 1980-களின் நடுவில் வந்த சில ஹோண்டாக்களில் நான்கு எல்.இ.டி.கள் வரிசையாக இருக்கும். 8, 4, 2, 1 என்று மதிப்பு. எரிகிறதைக் கூட்டிக்கொள்ளவேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற பைனரி. சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு மெக்கானிக் பைனரி கூட்டிக்கொண்டிருந்த காலம் அது.

இதில் வேடிக்கை, அதே 12 ஊருக்கு ஊர் வேறு ஆள். ஜெனரல் மோட்டார்ஸில் 12 என்றால் நலம். கிரைஸ்லரில் 12 என்றால் அண்மையில் யாரோ பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஹோண்டாவில், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற அமைப்பில் கோளாறு. ஒரு கம்பெனியின் அட்டவணையை வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனிக் காருக்கு வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. சாக்கெட்டில் தப்பான ஓட்டைகளை இணைத்துக் கம்ப்யூட்டரையே பொசுக்குகிற வாய்ப்பும் இருந்தது. ஹேன்ஸ், சில்டன் மாதிரியான ரிப்பேர் புத்தகக் கம்பெனிகள் இந்தப் பாஷைகளை எல்லாம் அட்டவணை போட்டு அச்சடித்து விற்றன.

அட்டவணை கிடைத்துவிட்டால் ஆச்சா? அங்கேதான் ஆரம்பம். கோளாறு எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் புரிந்துகொள்ளத் தெரிந்தவர்களுக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது. ஒரு உதாரணம் பார்க்கலாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் காரில் 44. ‘புகையில் ஆக்ஸிஜன் அதிகம், கலவையில் பெட்ரோல் போதவில்லை’ என்று அட்டவணை சொல்லும். அவசரக்கார மெக்கானிக் என்ன செய்வார்? ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிப் புதுசு போடுவார். பணம் போச்சு. மறுநாள் மறுபடி 44. வண்டியிலோ பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது. மைலேஜ் பாதாளத்தில். பெட்ரோல் போதவில்லை என்று சொல்கிற காரில் பெட்ரோல் நாற்றமா?

நடந்தது இதுதான். ஆறு சிலிண்டரில் ஒன்றில் ஸ்பார்க் பிளக் செத்துவிட்டது. அந்த சிலிண்டருக்குள் போன பெட்ரோலும் காற்றும் எரியாமல் அப்படியே வெளியே வந்தன. சென்சாருக்குப் பெட்ரோலைத் தெரியாது. அதற்கு ஆக்ஸிஜனை மட்டும்தான் தெரியும். ‘ஐயா, ஆக்ஸிஜன் நிறைய மிச்சம் இருக்கிறது’ என்று உள்ளதை உள்ளபடி சொன்னது. கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, ‘அப்படியானால் பெட்ரோல் குறைச்சல் போலிருக்கிறது’ என்று மேலும் மேலும் ஊற்றியது. சென்சார் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டரும் கடமை தவறவில்லை. குற்றவாளி ஒரு மலிவான பிளக். புகைக் குழாயில் சென்சாருக்கு முன்னால் ஒரு விரிசல் இருந்து, வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் இதே 44-தான் வரும்.

அதாவது, கோளாறு எண் என்பது போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த புகார் மாதிரி. புகார் கொடுத்தவர் யார் என்று அதில் இருக்கும். திருடன் யார் என்று இருக்காது. அதைத் தேட பிளக்கைக் கழற்றிப் பார்க்கிற கண்ணும், குழாயில் ‘டிக் டிக்’ என்று கசிகிற சத்தத்தைக் கேட்கிற காதும் வேண்டும். பழைய மெக்கானிக்கின் அதே காதும் கண்ணும். கெட்டிக்காரர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் எண்களைக் குறித்துக்கொள்வது. பேட்டரி இணைப்பையோ கம்ப்யூட்டரின் ஃப்யூஸையோ கொஞ்ச நேரம் கழற்றி நினைவை அழிப்பது. வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து மறுபடி கேட்பது. திரும்பவும் வருகிற எண்தான் இன்றைய நோய். வராதது என்றைக்கோ நடந்து முடிந்த பழங்கதை.

கம்பெனிகள் தாமாகச் செய்துகொண்டிருந்ததைக் கலிஃபோர்னியா 1985-ல் சட்டமாக்கியது. 1988 மாடலிலிருந்து விற்கிற கார்கள் புகை சம்பந்தமான முக்கியக் கருவிகளைத் தாமே கண்காணித்து, கோளாறென்றால் விளக்கைப் போட்டு, எண்ணையும் சொல்லவேண்டும். ஓ.பி.டி. என்று பெயர். ஆனால், எந்த பாஷையில் சொல்வது என்று சட்டம் சொல்லவில்லை. தவிர, ஒயர் அறுந்தால் கண்டுபிடிக்கிற கார், கன்வர்ட்டர் செத்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்கவில்லை. எனவே 1989-ல் இரண்டாவது விதி வந்தது. ஓ.பி.டி.-2.

தேசம் முழுவதற்கும் இதைக் கொண்டுபோனது, 1990 நவம்பர் 15-ம் தேதி அதிபர் ஜார்ஜ் புஷ் - மூத்த புஷ் - கையெழுத்துப் போட்ட சுத்தக் காற்றுச் சட்டத் திருத்தம். அதில் ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. கார் தன் கோளாறைச் சொல்கிற இணைப்பு எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். அதை அணுக ரகசிய எண் எதுவும் கேட்கக்கூடாது. கார் கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கிற கருவி தேவைப்படக்கூடாது. வருகிற தகவலைப் புரிந்துகொள்ள ரகசிய விளக்கமும் வேண்டியிருக்கக்கூடாது. சாரம் இதுதான்.

காற்றைப் பற்றிய சட்டத்தில் சாக்கெட்டைப் பற்றி எதற்கு இவ்வளவு கறார்? காரணம் இருந்தது. கம்ப்யூட்டர் கார்களைக் கம்பெனியின் டீலர் மட்டும்தான் ரிப்பேர் செய்யமுடியும் என்று ஆகிவிட்டால், தெருமுனை ஒர்க்‌ஷாப்கள் பட்டினி. டீலரிடம் போய் அழ வசதியில்லாதவர், விளக்கு எரிந்தால் எரியட்டும் என்று ஓட்டிக்கொண்டே இருப்பார். புகை குறையாது. காரைப் படிக்கிற உரிமை பரவலாக இருந்தால்தான் காற்று சுத்தமாகும். நாடாளுமன்றத்துக்கு இது புரிந்திருந்தது.

1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கிற எல்லா சாதாரணக் கார்களிலும், ஸ்டீயரிங்குக்கு அருகில் ஒரே மாதிரி 16 முனை சாக்கெட். ஒரே மாதிரி எண்கள். பி0420 என்றால் எந்தக் கம்பெனிக் காரிலும் கன்வர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. முன்பு சொன்ன 44 குழப்பத்தை நினைத்துப் பாருங்கள். செத்த பிளக்கைத் தேடி அலைந்த மெக்கானிக்குக் கார் இப்போது சிலிண்டர் நம்பரையே சொல்கிறது. எஞ்சினின் சுழற்சியில் மயிரிழை தடுமாற்றம் ஏற்பட்டாலும் கம்ப்யூட்டர் கவனித்துவிடுகிறது. புகைச் சோதனைக்குப் போகுமுன் பேட்டரியைக் கழற்றி நினைவை அழிக்கிற பழைய சாமர்த்தியமும் செல்லாது. அழித்துவிட்டால், ‘என் சுயபரிசோதனை இன்னும் முடியவில்லை’ என்று கார் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய முன்னேற்றம்தான். ஆனால், அந்த வருடத்தோடு ஜெம் கிளிப்பின் காலம் முடிந்தது. புதிய பாஷை மின்னல் பாஷை இல்லை. மனிதக் கண்ணால் எண்ண முடியாத வேகத்தில் ஓடுகிற மின் துடிப்புகள். கேட்கவேண்டுமென்றால் ஸ்கேனர் வேண்டும். எல்லாருக்கும் பொதுவான பாஷை கிடைத்தது. வெறும் கையால் படிக்கிற வசதி போயிற்று. ஸ்கேனர் விலை குறையக் குறைய இந்த நஷ்டம் உறைக்கவில்லை. இன்றைக்கு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவியைச் சொருகி, செல்போனில் எண்ணைப் பார்த்துவிடலாம்.

பிரச்னை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1990-ம் வருடச் சட்டம் திறந்துவிட்டது புகை சம்பந்தமான எண்களை. பிரேக், ஏர்பேக், சாவியின் பூட்டு என்று காரில் கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக, அவை பேசுவதெல்லாம் கம்பெனியின் சொந்த பாஷையிலேயே இருந்தது. 2012-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். டீலருக்குக் கொடுக்கிற ரிப்பேர் தகவலை வெளி ஒர்க்‌ஷாப்களுக்கும் கார் சொந்தக்காரருக்கும் கொடுக்கவேண்டுமா? நூற்றுக்கு 85 பேருக்கு மேல் ‘வேண்டும்’ என்று குத்தினார்கள். அடுத்த வருடம் சட்டமாயிற்று. 2014-ல் கார் கம்பெனிகள் அதே ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் ஒப்புக்கொண்டன. அதற்குள் கார்கள் சாக்கெட்டையே விட்டுவிட்டு, கம்பி இல்லாமல் கம்பெனியோடு நேராகப் பேச ஆரம்பித்துவிட்டன. 2020-ல் அதற்கும் ஒரு ஓட்டெடுப்பு. அதிலும் ஜனங்கள் பெருவாரியாக ஆமாம் என்றார்கள். கம்பெனிகள் உடனே கோர்ட்டுக்குப் போயின.

நம்மூருக்கு இது தாமதமாக வந்தது. பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2010 ஏப்ரலில் ஓ.பி.டி.-யின் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். மின்னலை எண்ணுகிற பருவத்தை நம்மில் பெரும்பாலோர் பார்க்காமலேயே ஸ்கேனருக்குத் தாவிவிட்டோம். இதனால் ஒரு சங்கடம் உண்டு. ஸ்கேனரில் எண் வந்ததும், ‘சார், சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்’ என்று ஒரு குரல் கேட்கும். புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே போடுகிற வேலை. ‘அந்த சென்சார் என்னத்தைப் பார்த்துட்டு இப்படிச் சொல்லுது?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நல்ல மெக்கானிக்காக இருந்தால் முகம் மலர்ந்து பானெட்டைத் திறப்பார். இல்லாவிட்டால் விலைப்பட்டியலைத் திறப்பார். வித்தியாசம் தெரிந்துவிடும்.

பழைய கார்ப் பிரியர்கள் அமெரிக்காவில் இன்னும் 1980-களின் வண்டிகளை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களின் திறமை இன்றைய பொம்மைக்குக்கூட உறை போடக் காணாது. ஆனாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பாஸ்வேர்டு கிடையாது. சந்தா கிடையாது. கம்பெனியின் அனுமதி கிடையாது. ஜெம் கிளிப்பைச் சொருகிச் சாவியைத் திருப்பினால் போதும். பல்பு ஒரு முறை மின்னும். சின்ன இடைவெளி. அப்புறம் இரண்டு முறை.

12. விழித்துத்தான் இருக்கிறது. கேட்கிறவர் யாராயிருந்தாலும் பதில் சொல்லும்.